ஐஸ் பெட்டியில் வந்த பை

மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புரதம் சிதைந்தால் மீன் கெடும். ஐஸ் அதைத் தள்ளிப்போடும். படித்ததும் வேலை பார்த்ததும் இதைத்தான்.

மனைவிக்கு எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய். அதற்குப் போட்ட ஊசி செல்லுக்குள் புரதம் சிதைவதைத் தடுக்கும். கழிவுப் புரதம் சேர்ந்து புற்றுநோய்ச் செல் சாகும். நோய் குறைந்தது. ஆனால் ரத்தத்தில் பிளேட்லெட்டும் குறைந்து, ஈறில் ரத்தம் கசிந்தது. ஒரு பை பிளேட்லெட் ஏற்றச் சொன்னார்கள்.

திருநெல்வேலி ரத்த வங்கியில்தான் பை கிடைத்தது. ஐஸ் கூடாது என்று அங்கே சொன்னார்கள். எனக்கா சொல்கிறார்கள் என்று நினைத்தேன். மீன் சாம்பிள் எடுத்துப்போகும் பழைய பெட்டியில் துறைமுகத்து ஐஸ் கொண்டுபோயிருந்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் நல்ல வெயில். செய்தது சரிதான் என்று பட்டது.

வார்டில் அவள் பெட்டியைப் பார்த்தாள்.

"என்னங்க, சீலா மீனா வாங்கிட்டு வந்திய?"

"வெயில்ல கெட்டுப்போவும்லா."

"ஐஸ் ஆவாதுன்னு போன தடவ நர்சம்மா சொல்லிச்சே. என்னையும் எக்ஸ்போர்ட்டு பண்ணப் போறியளோ?"

பை சில்லிட்டிருந்தது. துடைத்து, சட்டைக்குள் வைத்துச் சூடேற்றி நர்சிடம் கொடுத்தேன். ஐஸ் வைத்ததைச் சொல்லவில்லை. மனைவியும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மறுநாள் பிளேட்லெட் ஏறவேயில்லை. டாக்டர் என்னை வெளியே அழைத்தார்.

"பிளேட்லெட்டுக்கு உட்கரு கிடையாது சார். பழைய புரதத்தைச் சிதைச்சு ஒதுக்கினாத்தான் அது உயிரோட இருக்கும். இந்த ஊசி அதையும் தடுக்குது. ஏத்தினது சீக்கிரமே செத்துப்போகுது. ஊசியை நிறுத்திருவோம்."

குளிர்ந்த பிளேட்லெட்டையும் உடம்பு சீக்கிரமே வெளியேற்றிவிடும் என்று அன்று காலைதான் போனில் படித்திருந்தேன். ஐஸ் வைத்ததைச் சொல்லியிருந்தால், ஊசியை நிறுத்தாமல் இன்னொரு பை ஏற்றிப் பார்த்திருப்பார்.

"சரி டாக்டர்" என்றேன்.

ஊசியை நிறுத்தினார்கள். பிளேட்லெட் மெல்ல ஏறியது. நோயும் ஏறியது. மழைக்காலம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். அன்று பிளேட்லெட்டைக் கொன்றது ஊசியா, ஐஸா, இனித் தெரியாது. அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

அவள் போவதற்கு முன், வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தபோது ஒரு சாயங்காலம், சுவரைப் பார்த்துப் படுத்தபடி கேட்டாள்.

"ஐஸ் வச்சத டாக்டர்ட்ட சொன்னியளா?"

"சொல்லிட்டேன்."

"அப்பச் சரி" என்றாள்.