கிளிக் என்று விழாத குமிழ்

கொடைக்கானலில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு அல்ட்ராசவுண்டு மெஷின் வந்து இரண்டாவது குளிர்காலம் அது. அறுபதுகளின் கடைசி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நெஞ்சில் பசை தடவி, ஒலியை அனுப்பி வாங்கும் புரோபை வைத்தால், இதயத்தின் மிட்ரல் வால்வு அசைவது மெஷினின் ஸ்கோப் திரையில் கோடாக ஏறி இறங்கும். அதற்குக் கீழே ஈ.சி.ஜி. ஓடும். திரையைப் படம் எடுத்து, திறந்த வால்வு பின்வாங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். சுருங்கிய வால்வு மெதுவாகத்தான் பின்வாங்கும். டாக்டர் அந்த நேரத்தைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அன்று காலை பூம்பாறையிலிருந்து பேச்சியம்மாள் தனியாக வந்திருந்தார். ஐந்து மாதக் கர்ப்பம். மேடேறினால் மூச்சு வாங்குகிறது. வால்வு மோசமாகச் சுருங்கியிருந்தால் மாதம் ஏறுவதற்குள் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தாக வேண்டும். இல்லையென்றால் பிரசவத்தில் உயிர் தங்காது. நான் அளந்து சொன்ன கணக்கு நன்றாகவே இருந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து வீட்டுக்குப் போகச் சொன்னார்.

பதினொரு மணிக்குப் படத்தை ரிஜிஸ்டரில் ஒட்டும்போதுதான் கவனித்தேன். கையால் பிடித்து எண்ணிய நாடி எண்பத்தாறு. படத்தில் ஈ.சி.ஜி.யை அளந்தால் நூற்று முப்பது. இரண்டும் ஒரே சமயத்தில் எடுத்தவை.

ஓடிப்போய் ஸ்கோப்பைப் பார்த்தேன். கோட்டின் வேகத்துக்கு ஒரு சின்னக் குமிழ் உண்டு. அதைக் கடைசிவரை திருப்பினால் கிளிக் என்று விழும். விழாவிட்டால் கோடு மெதுவாக ஓடி, துடிப்புகள் நெருங்கிவிடும். மந்தமான வால்வும் சுறுசுறுப்பாகத் தெரியும். குமிழ் பாதியில் நின்றிருந்தது. காலையில் குளிருக்குப் போட்ட கம்பளிக் கையுறையோடு திருப்பியிருந்தேன். கிளிக் விரலுக்குத் தெரியவில்லை.

வேலை போய்விடும் என்பது ஒரு பயம். அந்த அம்மாளின் உயிர் போய்விடும் என்பது இன்னொன்று.

டாக்டரின் அறைக்குப் போய், "சார், பூம்பாறை அம்மா படம் தப்புங்க" என்று குமிழைப் பற்றிச் சொன்னேன்.

அவர் படத்தை வாங்கி ஸ்கேல் வைத்துப் பார்த்தார். "எப்பக் கண்டுபிடிச்ச?"

"இப்பத்தான் சார்."

அவர் திட்டவில்லை. ஜீப்பை எடுத்துக்கொண்டு நீயே போய் அழைத்து வா என்று மட்டும் சொன்னார்.

ஜீப் கிடைத்து நான் பூம்பாறை சேர மூன்று மணி ஆகிவிட்டது. பேச்சியம்மாள் பூண்டு வயலின் வரப்பில் கூடையோடு உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவருடைய வீட்டுக்காரர் சின்னக்காளைக்குக் கோபம் வந்துவிட்டது.

"காலையில நல்லாருக்குன்னு அனுப்பிட்டு, இப்ப வெரசா கெளம்புங்கிறீங்க. எங்களுக்கு வேற சோலி இல்லைன்னு நெனச்சீகளா தம்பி? எதைத்தான் நம்புறது?"

"மெஷின் மேல தப்பில்லைங்கண்ணே. டாக்டர் மேலயும் இல்ல. நாந்தான் தப்பா எடுத்துட்டேன்."

அவர் என்னை அடிப்பார் என்றே நினைத்தேன். பேச்சியம்மாள்தான் வரப்பில் கையூன்றி எழுந்தார்.

"இந்தவாட்டியாச்சும் அந்தப் பசையைச் சூடு காட்டித் தடவுங்க தம்பி. ஐஸா கெடக்கு."

திரும்பும் வழியில் ஒவ்வொரு வளைவிலும் அவர் மூச்சு விடும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு வந்தேன். வெறும் கையால் குமிழைத் திருப்பி மறுபடி எடுத்த படத்தில், வால்வு இழுத்து இழுத்துத்தான் பின்வாங்கியது. மறுநாளே அவரைக் கீழே அனுப்பினோம். ஆபரேஷன் முடிந்து கடிதம் வந்தது. வால்வின் துவாரத்தில் முதலில் ஆபரேஷன் செய்த டாக்டரின் விரல் நுனிகூட நுழையவில்லை என்று எழுதியிருந்தார்கள். அவர் பிழைத்தார்.

கைநாடியும் படத்து நாடியும் ஒத்துப்போகும்வரை நோயாளியைக் கட்டிலிலிருந்து இறக்காதீர்கள். எல்லோரிடமும் இதைச் சொல்லிவிட்டேன். சொல்லாதது ஒன்று உண்டு.

பிழையைப் பதினொரு மணிக்கே பார்த்துவிட்டேன். பூம்பாறை பஸ் பன்னிரண்டுக்குத்தான் கிளம்பும். அதுவரை பேச்சியம்மாள் பஸ் ஸ்டாண்டில்தான் உட்கார்ந்திருந்தார். நடந்தே போய்க் கூட்டி வந்திருக்கலாம். நான் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல், பஸ் ஹாரன் கேட்கும்வரை மெஷின் ரூமிலேயே உட்கார்ந்திருந்தேன்.