பூட்டுக்குறி இல்லாத இரண்டு நாள்

ஜூன் 2 – 19
ஜூன் 3 – 17
ஜூன் 4 – 3
ஜூன் 5 – 0

என் தங்கையின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு இணையதளம் வழியாக வந்த, கண் மருத்துவர் எழுதித் தரும் பவர் சீட்டுகளின் எண்ணிக்கை இது. கடைக்கு வருகிறவர்களுக்கு அவள் கண்ணாடியம்மா. லென்ஸ் தேய்ப்பதும் பிரேம் நிமிர்த்துவதும் அவள் கைவேலை. தளத்தை அமைத்தவர் அவள் கணவர். அவர் இறந்து பதினோரு மாதம். அவருடைய மின்னஞ்சல் பெட்டியை அவள் திறக்கவே இல்லை. அவர் விட்டுப்போனபடியே இருக்கட்டும் என்றாள்.

ஜூன் 3 மாலை தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானது. ‘இந்தப் பெயருள்ள தளம் உண்மையில் இதுதான்’ என்று வேறொரு நிறுவனம் சோதித்துக் கையொப்பமிட்டுத் தரும் அத்தாட்சி அது. அதைச் சரிபார்த்த பிறகுதான் நம் போன் நாம் எழுதுவதைப் பூட்டி அனுப்பும். வழியில் எவரும் படிக்கவோ திருத்தவோ முடியாது. கடைக்காரர் நல்லவரா என்று அது சொல்லாது. கடை இதுதான் என்று மட்டும் சொல்லும். தேதி முடிந்தால் அந்தச் சொல்லும் செல்லாது.

மறுநாள் எல்லார் போனிலும் சிவப்பு எச்சரிக்கை. கண்ணாடியம்மா அசரவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: “அது சும்மா மிரட்டும்ங்க. கீழே ‘பரவாயில்லை, தொடர்க’ன்னு இருக்கும், அழுத்திட்டுப் போங்க.”

ஜூன் 5, மாலை 4.20. நான் கடையில் இருந்தேன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் போன் செய்தார்.

“கண்ணாடியம்மா, நேத்து நீங்க சொன்ன மாதிரி அழுத்தினேன், வீட்டுக்காரம்மா சீட்டு உங்களுக்குப் போயிடுச்சு. இப்ப பேங்க்லேருந்துன்னு மெசேஜ்ல ஒரு லிங்க் வந்துச்சு. அதுலயும் அதே சிவப்பு. அதையும் அழுத்திட்டேன். சரிதானே?”

அவள் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது.

“ஐயோ சார்! பாஸ்வேர்டு போட்டீங்களா?”

“எப்படிப் போடறது? என் கண்ணாடி உங்ககிட்டல்ல இருக்கு! சிவப்பு தெரியுது, பொடி எழுத்து தெரியல.”

“தெரியவே வேணாம் சார், உடனே மூடிடுங்க. கண்ணாடிய நாளைக்குத் தர்றேன்.”

“நாளைக்குன்னு போன வாரமே சொன்னீங்க” என்று அவர் வைத்துவிட்டார்.

அவள் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“எனக்கு நானே குழி வெட்டியிருந்தா பரவாயில்லண்ணே. எல்லாரையும் கண்ண மூடிட்டு நடக்கச் சொல்லியிருக்கேன். அதுவும் கண்ணாடி விக்கிறவ.”

4.45க்குக் கணவரின் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தாள். படிக்காதவை 212. முப்பது நாள், பதினான்கு நாள், ஏழு நாள், ஒரு நாள் முன்னதாக என்று சான்றிதழ் நிறுவனம் நான்கு முறை எழுதியிருந்தது.

“நாலு தடவை கதவைத் தட்டியிருக்காங்க. நான் உள்ளேதான் இருந்தேன்.”

தளம் தன்னுடையதுதான் என்று காட்ட, நிறுவனம் கொடுத்த கோப்பை அதில் ஏற்றினாள். 5.50க்குப் புதுச் சான்றிதழ் வந்தது, தள முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுக்குறி திரும்பியது. பிறகு, அழுத்தச் சொன்ன இருபத்தாறு பேரையும் அழைத்தாள். எண்களை நான் படித்தேன். “நான் சொன்னது தப்புங்க. சிவப்பு வந்தா நின்னுடுங்க, என் கடையா இருந்தாலும்.”

கடைசியாக, மறுநாள் காலை, நிறுவனம் எச்சரிக்கை அனுப்பும் மின்னஞ்சல் முகவரி. கணவரின் முகவரி இருந்த இடத்தில் தன்னுடையதை எழுத மட்டும் கால் மணி நேரம் ஆனது. இனி இந்த முகவரிக்கு எழுத மாட்டோம் என்று நிறுவனம் அவருக்கு ஒரு வரி அனுப்பியது. அவள் அதைப் படித்தாள், அழிக்கவில்லை.

அவர் பெயருக்கு அந்தக் கடைசிக் கடிதம் வந்த தேதி: ஜூன் 6.