கணக்கில் வராத மூன்று கிலோமீட்டர்

காலை 5.50. பெரம்பலூரிலிருந்து அரியலூரில் இருக்கும் மகள் வீட்டுக்குச் சைக்கிளில் கிளம்பினேன். முப்பது கிலோமீட்டர். எனக்கு வயது எழுபத்திரண்டு. போன மாதம் இரண்டு முறை பாலை அடுப்பில் வைத்து மறந்துவிட்டேன். "இன்னொரு தடவ இப்படி ஏதாச்சும் ஆச்சு, சைக்கிள எடுக்கக் கூடாதுப்பா" என்று மகள் சொல்லியிருந்தாள்.

முழங்கால் வலிக்குப் பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி சீட்டை இரண்டு விரற்கடை உயர்த்தியிருந்தேன். பெடலில் முன்பாதம் பதிய வேண்டும். ஓங்கி மிதிக்காமல் வட்டமாகச் சுற்ற வேண்டும். நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று. என் சைக்கிளுக்கு ஒரு கிலோமீட்டர் என்பது நூற்றெண்பத்தைந்து சுற்று. ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.

பேரளியில் டீ பன்னிரண்டு ரூபாய், சர்க்கரை அதிகம். அதற்கப்பால் சுண்ணாம்புக்கல் லாரிகளின் தூசி, சாலையையே வெளுக்க வைத்திருந்தது. 'அரியலூர் 14' கல்லைக் கடந்தபோது மணி 7.06.

அறுபத்திரண்டு என்று எண்ணி நிமிர்ந்தேன். எதிரே 'அரியலூர் 11'. மணி 7.18. மூன்று கிலோமீட்டருக்கு ஐந்நூற்று ஐம்பத்தைந்து சுற்று வேண்டும். நானூற்றுத் தொண்ணூற்று மூன்றைக் காணோம். கல்லும் கடிகாரமும் ஒத்துப்போயின. முழங்கால் துளியும் வலிக்கவில்லை.

அடுத்து வந்த டீக்கடையில் இறங்கினேன். அங்கே நின்றிருந்த டிப்பர் டிரைவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"பெரியவரே, நீங்கதானா? நாலு தடவ ஹாரன் அடிச்சேன், திரும்பவே இல்லீங்க. பக்கத்துல வந்து பாத்தா கண்ணு தொறந்துதான் இருக்கு. மூஞ்சில ஒண்ணுமே இல்ல. காலு மட்டும் மோட்டார் கணக்கா ஒரே சீரா சுத்துது."

"முழிச்சுக்கிட்டே வண்டிய ஓடையில வுட்டவன் நீ. அவரச் சொல்ல வந்துட்ட" என்று கடைக்காரம்மா சிரித்தார்.

டிரைவர் சிரிக்கவில்லை. "வூட்டுல சொல்லிடுங்க" என்றார்.

மீதித் தூரம் முழுவதும் வாய்விட்டு எண்ணினேன்.

மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். "வழியில ஒண்ணும் இல்லையேப்பா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். "பதினோரு நிமிஷம் எங்க போயிருந்தேன்னு தெரியலம்மா" என்றேன்.

அவள் சைக்கிள் சாவிக்குக் கை நீட்டினாள். கொடுத்தேன்.

மாலையில் பஸ்ஸில் திரும்பினேன். பதினோராம் கல்லிலிருந்து ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பதினான்காம் கல்லுக்குள் சாலை இரண்டு இடங்களில் சட்டென்று வளைகிறது. இரண்டாவது வளைவை ஒட்டிக் கல்குழி, தடுப்பு கிடையாது, வெகு ஆழத்தில் பச்சைத் தண்ணீர். காலையில் அங்கே ஹேண்டில்பாரை யாரோ சரியாகத் திருப்பியிருக்கிறார்கள்.