மேடம் வந்த வீடு

கத்தரிக்கோலைக் கண்டாலே அலறும் குழந்தைகளுக்கு முடி வெட்டுவதில் அந்தச் சலூன்காரரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கை அவ்வளவு மிருது. ஆனால் அந்தக் கை தடவிக்கொடுக்க வீட்டில் ஒரு பூனைகூடக் கிடையாது. "நாள் முழுக்கக் கடையில முடி கூட்டுறீங்க. வீட்லயும் கூட்டணுமா?" என்று மனைவி ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

அவருடைய நெடுநாள் வாடிக்கையாளர் ஒரு பல் டாக்டர். வெளிநாட்டுக்குக் குடிபோகுமுன் ஒரு கண்ணாடிப் பெட்டியோடு கடைக்கு வந்தார். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டாரண்டுலா. உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த சிலந்தி.

"உங்க கையை நம்பித்தான் கொடுக்கிறேன். குலைக்காது, செருப்பைக் கடிக்காது. பொண்ணுதான். மேடம்னு கூப்பிடுவோம்."

"நம்மளக் கடிக்குமா?"

"சீண்டினா குளவி கொட்டின மாதிரி இருக்கும். ஆனா அது கீழ விழுந்தா வயிறு கிழிஞ்சு செத்துடும். அதுக்குத்தான் நம்மால ஆபத்து."

பெட்டியைப் பார்த்ததும் மனைவி கட்டிலில் ஏறி நின்றுகொண்டார். "எட்டுக்கால் பூச்சிய எல்லாரும் விளக்கமாத்தால அடிப்பாங்க. நீங்க பெட்டி போட்டு வளர்க்கப்போறீங்களா?" கடைசியில், மூடிக்கு இரட்டைக் கொக்கி போடவேண்டும் என்ற நிபந்தனையோடு பின்னறை அலமாரியில் இடம் கிடைத்தது. மேடத்துக்கு ஆகாது என்பதால் வீட்டில் கொசுமருந்து நின்றுபோய், கொசுவலை வந்தது.

முதல்முறை இடுக்கியில் ஒரு சில்வண்டைப் பிடித்து நீட்டினார். மேடம் அசையவில்லை. இவர் குனிந்து எட்டிப் பார்த்த நொடியில் மேடம் பாய்ந்தார். இடுக்கி ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம்.

"என்னங்க உடைஞ்சுது?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"என் மானம்தான்!"

சில மாதங்கள் நன்றாகப் போயின. பிறகு மேடம் சாப்பாட்டைத் தொடவில்லை. வயிற்றின் மேல்பக்கம் ரோமம் உதிர்ந்து பளபளத்தது. முடிக்காரர் வீட்டிலேயே வழுக்கை! இவருக்குச் சோறு இறங்கவில்லை.

"நான் பட்டினி கிடந்தா இப்படிக் கவலைப்பட்டிருக்கீங்களா?" என்றார் மனைவி. ஆனால் அவரும் போகவர பெட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதனால் அவர்தான் முதலில் கண்டார். உடனே கடைக்குப் போன் செய்தார்.

"மேடம் போயிட்டாங்க. மல்லாந்து கிடக்கிறாங்க."

இவர் பாதி மழித்த முகத்தை ஒருவழியாக முடித்துக்கொடுத்துவிட்டு ஓடினார். வழியிலேயே டாக்டருக்குப் போன் போட்டார்.

"தொடாதீங்க!" என்று டாக்டர் கத்தினார். "சாகல. தோல் உரிக்குது. தின்னாம விட்ட பூச்சி உள்ள கிடந்தா மட்டும் எடுத்துடுங்க. இப்ப மேடம் உடம்பு மெத்துனு இருக்கும், அந்தப் பூச்சி கடிச்சு வச்சிடும்."

உள்ளே கிடந்த சில்வண்டை இடுக்கியால் எடுத்துப்போட்டார். பிறகு கணவனும் மனைவியும் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கையுறை கழல்வதுபோல் ஒவ்வொரு காலாக வெளியே வந்தது. புது மேடம் கறுகறுவென்று, வயிறு நிறைய ரோமத்தோடு கிடந்தார்.

இதைக் கடையில் சொன்னபோது தலை பளபளக்கும் வாடிக்கையாளர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "எந்த எண்ணெய் தடவினீங்க?"

உடம்பு இறுகி மேடம் மறுபடி சாப்பிடத் தொடங்கிய பிறகு, கையில் வாங்கிப் பார்க்கும் துணிச்சல் இவருக்கு வந்தது. விழுந்தாலும் அடிபடாதபடி தரையில் கம்பளி விரித்து, அதன்மேல் உள்ளங்கையைத் தாழ்த்தி வைத்தார். சோப்பு படாத புது ஷேவிங் பிரஷ்ஷால் பின்னாலிருந்து லேசாகத் தொட்டார். மேடம் யோசித்தார். ஒரு கால் வைத்துப் பார்த்தார். பிறகு மொத்தமாக ஏறி நின்றார். எடையே தெரியவில்லை.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தன் கையை அவர் கையோடு ஒட்டிவைத்தார். மேடம் நிதானமாக அந்தக் கைக்கு நடந்துபோனார்.

"பயமா இல்லையா?"

"ஷ்ஷ்... மெதுவாப் பேசுங்க," என்றார் மனைவி, கையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவங்க பயந்துடப்போறாங்க."