அடியில் சிவப்புக் குறி போட்ட கோப்பை

1977-ஆம் வருடம், மாசி மாதம். விருத்தாசலத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் நடந்தது. எனக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. இன்று எண்பத்தொன்று. நாற்பத்தேழு வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. ஆறு வருடம் முன்பு போய்ச் சேர்ந்த என் மனைவியிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை.

ஒரு பீங்கான் கம்பெனியில் தரம் பிரிக்கும் வேலை எனக்கு. சூளையிலிருந்து வரும் டீக் கோப்பைகளைத் தட்டிப் பார்த்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நல்லது, சுமார், தள்ளுபடி என்று பிரிக்க வேண்டும். தள்ளியதன் அடியில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி போடுவோம். ஒரு நாளைக்கு அறுநூறு, எழுநூறு கோப்பை என் கையில் புரளும். எதைப் பார்த்தாலும் எண்ணுகிற வியாதி எனக்கு அங்கேதான் தொற்றியது. அப்பாவும் அதே கம்பெனியில், பேக்கிங்கில் இருந்தவர். வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு கோப்பையையும் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். குறி இருந்தால் பெட்டிக்குப் போகாது. ஒன்பது வருடம் அந்த வேலை பார்த்துவிட்டு ஓய்வில் இருந்தார்.

அந்த மாசியில் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. குரலும் கம்மிப் போனது. பஸ்ஸில் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை கூட்டிப்போனேன். மூன்றாவது முறை டாக்டர் அப்பாவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார். தொண்டையில் புற்றுநோய், முற்றிவிட்டது, நான்கு மாதம் இருந்தால் அதிகம். நான் அவரிடம் பதினொரு கேள்வி கேட்டேன். வலி வருமா, கஞ்சி கொடுக்கலாமா, மாத்திரை எத்தனை வேளை என்றெல்லாம். பன்னிரண்டாவது கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. இது ஒட்டிக்கொள்ளுமா? பெற்ற தகப்பனைப் பற்றி அப்படிக் கேட்க வெட்கமாக இருந்தது. கேட்காமலே வந்துவிட்டேன்.

அப்பாவிடம், "வெறும் புண்ணுதான்பா, மாத்திரையில ஆறிடும்" என்றேன்.

"சரி தம்பி" என்றார்.

என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. சாயங்கால டீ அவளுக்குத் தாத்தா மடியில்தான். அவருக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய், ஒரே கோப்பையில். புதுச்சேரியிலிருந்து வந்த அன்று கதவோரம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு வாய் குடித்தாள். எண்ணினேன்.

வீட்டில் ஆறு கோப்பை. ஆறும் ஒரே அச்சு. ஒன்றை அப்பாவுக்கென்று ஒதுக்கினாலும் கழுவும்போது கலந்துவிடுமே! மறுநாள் கம்பெனியிலிருந்து சின்ன டப்பாவில் கொஞ்சம் சிவப்புப் பெயிண்ட் கொண்டுவந்தேன். ஒரு புள்ளி வைத்திருக்கலாம். ஒரு கோடு இழுத்திருக்கலாம். பழகிய கை பெருக்கல் குறியைத்தான் போட்டது. அடியில் இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஒன்பது வருடம் அடியை மட்டுமே பார்த்த மனிதருக்குத்தான் அதில் டீ கொடுக்கப்போகிறோம் என்பது என் புத்தியில் படவில்லை. மனைவியிடம், மருந்து சேர்க்கிற கோப்பை, அப்பாவுக்கு இதிலேயே கொடு என்று மட்டும் சொன்னேன்.

இரண்டாம் நாளிலிருந்து அப்பா அந்தக் கோப்பையைத் தானே கழுவி, ஜன்னலில் தனியாகக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தார். பேத்தி ஓடிவந்தால், "தாத்தாவுக்கு முட்டி வலிக்குதும்மா, அப்பாகிட்ட போ" என்பார். எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது. இருபத்தாறு நாள் குழந்தை அவர் மடியில் உட்காரவில்லை.

இருபத்தேழாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்த பாய், அப்பாவின் சிநேகிதர், சாயங்காலம் பார்க்க வந்தார். என் மனைவி இருவருக்கும் டீ வைத்துவிட்டுப் போனாள். நான் அடுத்த அறையில் இருந்தேன், கதவு திறந்திருந்தது. பேச்சு மும்முரத்தில் பாய் கை தவறி அப்பாவின் கோப்பையை எடுத்துவிட்டார். அப்பா கம்மிய குரலில் பதறினார்.

"யோவ், அத வையி. அது என்னுது."

"ஏன், ஒனக்கு மட்டும் சக்கரைய தூக்கலா போடுதா மருமவ?"

"வெளயாடாத பாய். அடியப் பாரு. அது தள்ளுன கப்பு."

பாய் கோப்பையை முகத்துக்கு மேலே தூக்கிப் பார்த்தார். "யாரு தள்ளுனது?"

அப்பா, "எம்மவன் புள்ளக்காரன்யா. பயப்படத்தான செய்வான்" என்றார்.

"இது ஒட்டுற நோவுன்னு எவன் சொன்னான்? எங்கம்மா இதே நோவுல ஏழு மாசம் கெடந்தாங்க. மிச்சம் வெச்ச கஞ்சிய நாந்தான் குடிப்பேன். எனக்கு என்னா ஆச்சு? குத்துக்கல்லாட்டம் ஒக்காந்துனு இருக்கறேன் பாரு!"

சொல்லிவிட்டு அந்த டீயை மடமடவென்று குடித்து முடித்தார்.

எந்த நோவு என்று அப்பா கேட்கவில்லை. நான் சொன்ன பொய்யை அவர் ஒருநாளும் நம்பவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த அறைக்குள்ளேயே இருந்துவிட்டேன். பாய் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டபிறகுதான் வந்தேன்.

மறுநாள் உள்ளூர் டாக்டரிடம் போய் அந்தப் பன்னிரண்டாவது கேள்வியைக் கேட்டேன். "ஒட்டாது" என்றார். ஒரே வார்த்தை.

அன்று சாயங்காலம் குழந்தையை நானே தூக்கி அப்பா மடியில் உட்கார வைத்தேன். குறியில்லாத கோப்பையில் நானே டீ ஊற்றிக் கொடுத்தேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்து வாயைத் திறக்கவும் செய்தேன். அதற்குள் அவர் கோப்பையைத் தூக்கி அடியைப் பார்த்தார்.

"இது நல்ல கப்பாச்சே தம்பி. எனக்கு எதுக்கு?" என்றார்.

கேலியா, நிஜமாகத்தான் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மன்னிப்புக் கேட்காமலே எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அதன்பின் அப்பா ஐம்பத்தெட்டு நாள் இருந்தார். குழந்தை தினமும் மடியில் உட்கார்ந்தாள். ஒட்டாது என்று நான் மூன்று முறை சொல்லியும், தன் கோப்பையிலிருந்து ஒரு வாய்கூட அவர் அவளுக்குக் கொடுக்கவில்லை.

இப்போது அந்த மகள் வீட்டில்தான் இருக்கிறேன். டீ கொடுத்தால் நானும் கோப்பையைத் தூக்கி அடியைப் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறேன். "எறும்பு கிறும்பு இருக்குதாப்பா?" என்று கேட்கிறாள். இல்லை என்று தலையாட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் அடி சுத்தமான வெள்ளையாகத்தான் இருக்கிறது, அந்த வெள்ளையைப் பார்க்கும்போதெல்லாம், தள்ளாத ஒரு கோப்பையை என் தகப்பனுக்கு அந்த இருபத்தேழு நாளும் நான் கொடுக்காமல் போனது உறைக்கிறது.