காலி இருக்கைகளுக்கு நடுவே பாவாயி அக்கா

கொண்டப்பநாயக்கன்பட்டி பேக்கரி வாசலில் டீக்குச் சொல்லிவிட்டு நின்றபோது போன் அதிர்ந்தது. முன்னாள் எம்எல்ஏ பாவாயி அக்கா மாரடைப்பில் போய்விட்டார் என்று எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி. அதற்குக் கீழே அவருடைய கட்சிக் கொறடாவின் இரங்கல். கைகூப்பிய படம், 'என் உடன்பிறவாச் சகோதரி'. எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம் வந்தது. அந்த ஆளைப் பற்றியும் இதில் எழுதத்தான் போகிறேன். அக்காவை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் வெறும் ரசிகன். எதிர்க்கட்சி வரிசை முழுக்கக் காலியாகக் கிடக்க, அவர் மட்டும் பேரவையில் உட்கார்ந்து நகரமைப்புச் சட்டத் திருத்தத்தைப் பிரிவு பிரிவாக எதிர்த்த வீடியோவை என் பக்கத்தில் போட்டேன். மறுநாள் அவரே கூப்பிட்டார்.

“ஏஞ்சாமி, அதுல எதுக்கு உறுமி மேளம்? நான் பேசறதே கேக்குல.”

“மாஸா இருக்கட்டும்னுங்கக்கா.”

“மாஸெல்லாம் வேண்டாம். நாலாவது பிரிவு சனங்க காதுல உழுந்தாப் போதும்.”

அடுத்த ஆண்டு, அவர் பதவியில் இல்லாதபோது, அவரைத் தேடிப் போக வேண்டி வந்தது. எருமப்பட்டிப் பக்கம் எங்கள் மூன்று ஏக்கர் மானாவாரிக் காட்டைத் தொழிற்பேட்டைக்கு எடுக்க அறிவிப்பு வந்து, ஆட்சேபம் சொல்லும் கெடுவும் முடிந்திருந்தது. வீட்டுக்கு ஒரு காகிதம் வரவில்லை. நாமக்கல்லில் அவர் நடத்திய லாரி புக்கிங் ஆபீசில் அப்பாவும் நானும் போய் நின்றோம்.

“இணையதளத்துல போட்டிருந்தானுங்களே” என்றவர் என் பக்கம் திரும்பினார். “உம்பட கையி போனை உட்டு எறங்குனதே இல்லை. அத மட்டும் எப்படிச் சாமி உட்ட?”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அடித்திருந்தால் பரவாயில்லை.

அக்கா அலமாரியிலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்தார். ஒன்று பழைய நிலமெடுப்புச் சட்டம், மற்றது அதைத் திருத்திய சட்டமுன்வடிவு. அவர் படிக்கும் விதமே தனி. கடைசிப் பக்கத்து நோக்கக் காரண விளக்கவுரையை முதலில் கிளிப் போட்டு மூடிவிடுவார். “இது பொண்ணு பாக்க வந்தவன் பேசறது. அப்பறம் பாத்துக்கலாம்.” திருத்தம் எந்தச் சொற்களை எடுக்கிறதோ அவற்றைப் பழைய சட்டத்தில் பென்சிலால் அடித்து, புதியவற்றை மேலே எழுதி, முழு வாக்கியத்தையும் சத்தமாகப் படிப்பார். திருத்தத்தை மட்டும் படித்தால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. எழுதுகிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். 'உரிமையாளருக்கு நேரில் வழங்கி' அடிபட்டு, 'இணையதளத்தில் வெளியிட்டு' ஏறியிருந்தது.

“இது வந்தன்னிக்கு நீங்க ஏனுங்கக்கா எதுக்குல?”

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, நடந்ததைச் சொன்னார். கூட்டத்தொடரின் கடைசி நாள். காலையில் மேசைக்கு வந்த முன்வடிவு மதியமே ஆய்வுக்கு வந்தது. வேறேதோ பிரச்சினைக்காகக் கொறடா கண்ணைக் காட்ட, எல்லோரும் வெளிநடப்பு. கோடு போட்ட பிரதியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அக்காவும் எழுந்து போனார். உள்ளே 'இல்லை' சொல்ல ஆளில்லை. டீ ஆறுவதற்குள் நிறைவேறிவிட்டது.

“வெளிய மைக்கு முன்னால கத்திட்டு நின்னேன். டிவியில வந்துச்சு. உங்க காட்டுக்கு நானும் ஒரு காரணம்.” அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: “என்னய மன்னிக்காதீங்கண்ணா. எங்கூட வெளிய வந்தவனுகளையுந்தான்.”

நான் உறுமி மேளம் போட்ட வீடியோவில் இருப்பது அதற்கு அடுத்த கூட்டத்தொடரில் நடந்தது. கொறடா கண்ணைக் காட்டினார், அக்கா எழவில்லை. குரல் வாக்கெடுப்போடு முடிக்க விடாமல், எண்ணிக் கணிக்கச் சொன்னார். ஆதரித்தவர்கள் பகுதி பகுதியாக எழுந்து நிற்க வேண்டியிருந்தது. எதிர்த்து எழுந்தவர் ஒருவர்தான். “தோக்கறது தெரியும் சாமி. ஆமான்னவன் எந்திரிச்சு நிக்கோணும், பேரு குறிப்புல ஏறோணும்.” அடுத்த தேர்தலில் அவருக்கு சீட் கிடைக்காமல் பார்த்துக்கொண்டவர்தான் அந்த உடன்பிறவாச் சகோதரர்.

போன வாரம் படத்திறப்பு. கொறடா வந்திருந்தார். அக்காவின் சீட்டை வாங்கி ஜெயித்த எங்கள் எம்எல்ஏவும் வந்திருந்தார். கலெக்டர் முன்னால் நில உரிமையாளர்கள் நேரில் பேசும் விசாரணை ஒன்றுதான் எங்கள் காட்டுக்கு மிச்சமிருக்கிறது. அதையும் எடுத்துவிட இந்தக் கூட்டத்தொடரில் இன்னொரு திருத்தம் வருகிறது. எம்எல்ஏ மைக்கைப் பிடித்து, அக்கா வழியில் நடப்பேன் என்றார்.

நான் எழுந்தேன். “நடக்க வேண்டாமுங்க. அந்தத் திருத்தம் வாரப்ப உள்ள உக்காந்திருப்பீங்களா? எண்ணச் சொல்லிக் கேப்பீங்களா?”

“அது கட்சி முடிவு தம்பி.”

அப்பா கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனார். என்னையும் சேர்த்து, நிலம் சிக்கிய பதினோரு பேரின் பெயர்கள். பேரவையில் பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்க எம்எல்ஏவின் கடிதம் வேண்டும்.

“நாங்க சட்டசபை பாத்ததே இல்லீங்க. அந்தத் திருத்தம் வார அன்னிக்கு வாரமுங்க. ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. எம்எல்ஏ கொறடாவைப் பார்த்தார். கொறடா போனைப் பார்த்தார். கையெழுத்து விழுந்தது.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய பகையைத்தான். அதை ஆற விடமாட்டேன். அந்த நாளில் பதினோரு பேரும் மாடத்தில் இருப்போம். கொறடா கண்ணைக் காட்டும்போது எங்கள் எம்எல்ஏ அவரைப் பார்க்கிறாரா, நிமிர்ந்து எங்களைப் பார்க்கிறாரா என்று பார்க்கத்தான் போகிறோம்.