பெயரை மறைத்தேன், ஃப்ரேமை மறந்தேன்

போன வாரம் ஏற்காடு போயிருந்தேன். ஊர் சுற்ற அல்ல. மியூசியத்துக்குப் படங்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று அங்கே ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டுமாம். நான்தான் நகரத்து மியூசியம் ஒன்றின் தேர்வுக் குழுவில் பல வருஷமாக நாற்காலியைத் தேய்ப்பவனாயிற்றே... கூப்பிட்டதும் கிளம்பிவிட்டேன்.

ஸ்லைடு புரொஜக்டரை சேலத்திலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். போய்ச் சேர்ந்தால் கரண்ட் இல்லை! சரி, வாய் இருக்கிறதே என்று ஆரம்பித்தேன். படம் அசலா, நகலா? வரைந்தவர் தன் கண்ணால் பார்த்ததா? ஐம்பது வருஷம் கழித்தும் ஒருவர் நின்று பார்ப்பாரா? பிள்ளைகள் மளமளவென்று நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்து, செய்முறை. பள்ளியின் புது ஹாலில் நிரந்தரமாக மாட்ட ஒரே ஒரு படம் வேண்டும். பள்ளியைச் சேர்ந்தவர்களே வரைந்த ஒன்பது படங்கள் சுவரோரம் நின்றன. சீட்டுக் குலுக்கிப் பன்னிரண்டு மாணவர்களைக் குழுவாக உட்காரவைத்தேன். யார் வரைந்தது என்று தெரியக்கூடாது என்று பெயர்களின் மேல் நானே பேப்பர் ஒட்டினேன். நேர்மை என்றால் அப்படியொரு நேர்மை!

ஒரு படத்தின் முன் அப்படியே நின்றுவிட்டேன். தூறலில் காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள். எல்லோரும் முதுகைக் காட்டி நிற்கிறார்கள். ஒருத்தி மட்டும் இடுப்பில் கையை வைத்து நிமிர்கிறாள். முகமே தெரியவில்லை, ஆனால் அவளுக்கு எங்கே வலிக்கிறது என்று தெரிகிறது. வெறும் அட்டையில் ஒட்டியிருந்தார்கள்.

இன்னொன்று, தங்க நிற ஃப்ரேமுக்குள் ஏற்காடு ஏரி. அதில் அன்னப்பறவைகள். பின்னால், இமயமலை! எந்தக் காலண்டரைப் பார்த்து வரைந்தாரோ, புண்ணியவான்.

கை தூக்கச் சொன்னேன். பன்னிரண்டு கைகளும் இமயமலைக்கு.

ஓவிய வாத்தியார் என் காதருகே குனிந்தார்.

"அது நம்ம தாளாளர் வரைஞ்சதுங்க. ஃப்ரேமைப் பாத்தாலே பசங்களுக்குத் தெரியுமுங்க."

"அந்தக் காப்பி பறிக்கிற படம்?"

"கொட்டச்சேடு காப்பித் தோட்டத்துப் புள்ள, ஆரோக்கியமேரி. ஒன்பதாவது படிக்குது. அதோ, உங்க குழுவுலயே உக்காந்திருக்குதுங்க."

(பெயரை மாற்றியிருக்கிறேன். பெயரை மறைப்பதுதான் எனக்குக் கைவந்த கலையாயிற்றே.)

குழுவிலா? அவளும் கை தூக்கினாளே!

வகுப்பு கலைந்ததும் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏன் கண்ணு, உன் படத்துக்கு நீயே கை தூக்கலையே?"

"அதுல நிமிர்றது எங்கம்மாங்க, சார். ஹால்ல மாட்டுனா கூட்டியாந்து காட்டலாம்னுதான் வரைஞ்சேன். ஆனா... எனக்கு ஹாஸ்டல்ல எடம் குடுத்தவரே தாளாளர் அய்யாதானுங்க. நான் மட்டும் கை தூக்காம இருந்தா நொம்பத் தப்பாயிருமுங்க."

பதினான்கு வயது! நான் ஒரு மணி நேரம் கத்தியதை அவள் இரண்டு வாக்கியத்தில் அழித்துவிட்டாள். நொந்துபோனேன். தலைமையாசிரியரிடம் பேசிப் பார்க்கட்டுமா என்றேன். அவள் முகம் வெளிறிவிட்டது.

"வேண்டாமுங்க சார், உட்ருங்க. ஊட்டுலயே மாட்டிக்கறேன்."

படத்தை அட்டையோடு நெஞ்சில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பிக் கேட்டாள்.

"ஏனுங்க சார், உங்க மியூசியத்துல வேற மாதிரிதானுங்களே?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.